உச்சியில் ஒரு மொச்சைக்கொட்டை

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்காமல் நான் உன்னிடம் எந்தப் பேச்சையும் தொடங்கியதில்லை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு நீ கத்தாரிலிருந்து வந்து இறங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் வீடியோவில் உன் முகம் வாடுவதைப் பார்த்தால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். மழை விடவே இல்லை, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது என்று எங்கேயோ போய்விடுவேன். போதாததற்கு உன் அப்பா பின்னால் நின்று 'வேணாம், வேணாம்' என்று கையை ஆட்டுவார். அதனால் எழுதுகிறேன். என் தலையில் இருந்த கட்டி திரும்ப வந்துவிட்டது. ஆடி மாதம் கண்டியில் வெட்டி எடுக்கப்போகிறார்கள். உன் கல்யாணம் ஆவணியில் குறித்த முகூர்த்தத்திலேயே நடக்கும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. முக்கியமான மூன்றையும் சொல்லியாயிற்று. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

கொஞ்ச நாளாக வீடியோவில் நான் ஏன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று நீ கேட்டாய். குளிர் என்றேன். இங்கே எப்போதும் குளிர்தான் என்பது உனக்குத் தெரியாதா? நீயும் நம்பாமல் நம்பினாய். உன் அப்பாவும் உன் அத்தையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. "மாப்பிள்ளப் பையன் மனசு கலங்கக் கூடாது. நல்ல காரியம் முடியட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்" என்றாள் அத்தை. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாரும் அப்படித்தான். நல்ல காரியம் முடியும்வரை கெட்ட சேதியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைப்போம். காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் எடுத்து வெளியே விடுவோம். நானும் அப்படியே இருந்தவள்தான். ஆனால் இந்தக் கட்டிக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது, தம்பி. அது காத்திருக்கவில்லை.

உனக்கு அந்தக் கட்டியோடு என்னைவிடப் பழக்கம் அதிகம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் உன்னை விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவேன். பகலில் ஓடி வந்து பால் கொடுப்பேன். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து உன்னைத் தூக்கும்போது என் மேல் தேயிலைப் பச்சை வாசமும் ஈரச்சாக்கு வாசமும் அடிக்கும். நீ மூக்கைச் சுருக்குவாய், ஆனாலும் விடமாட்டாய். படுத்ததும் உன் கை என் முடிக்குள் போகும். தேடும். உச்சியில், வகிடு முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று இருக்கும். அது அகப்பட்டதும் விரல் அங்கே நின்றுவிடும். அதை உருட்டிக்கொண்டே தூங்கிப்போவாய். மற்றப் பிள்ளைகள் விரல் சூப்பின. நீ என் தலையை நோண்டினாய். பேச்சு வந்ததும் அதற்கு நீயே பேரும் வைத்தாய். "அம்மா மொச்சக்கொட்ட" என்பாய். அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உச்சி குறுகுறுக்கிறது. அது நோயின் ஆரம்பம் என்று தெரிந்த பிறகும் அந்த ஞாபகம் கசக்கவில்லை. அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

அதை ஏன் அப்போதே காட்டவில்லை என்று நீ வளர்ந்தபின் கோபித்துக்கொண்டாய். சொல்கிறேன். கொழுந்துக் கூடையின் கயிறு சரியாக அந்த இடத்தில்தான் உட்காரும். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், பாரம் முழுவதையும் உச்சிதான் தாங்க வேண்டும். மழை நாளில் நனைந்த கொழுந்து இரண்டு மடங்கு கனக்கும். கயிறு படுகிற இடத்தில் முடி தேயும், தோல் காய்க்கும். கூடை சுமந்த பெண்களில் யார் தலையை வேண்டுமானாலும் விலக்கிப் பார், ஒரு வழுக்கைக் கோடு இருக்கும். அதை மறைக்கத்தான் நாங்கள் முடியைத் தூக்கிவாரிக் கொண்டை போடுகிறோம், அழகுக்கு இல்லை. அப்படிப்பட்ட தலையில் ஒரு முடிச்சு வந்தால் யார் என்ன நினைப்பார்கள்? தேயிலை நிரையில் பக்கத்தில் நின்றவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "கயித்துக் காய்ப்புடி, எனக்கும் இருக்கு" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கணக்குக்கு மேல் கொழுந்து எடுக்கிறவள் என்பதற்கு அத்தாட்சி போல. கயிற்றுக்கு அடியில் பழைய சேலைத்துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டேன். வைத்தியம் அவ்வளவுதான். அது வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால் பயந்திருப்பேன்.

நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் கயிறு வழுக்கி அதன் மேல் உரசி இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அடிக்கடி புண்ணானது. டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டு, கொழுப்புக் கட்டி என்று சொல்லித் தையல் போட்டு அனுப்பினார்கள். அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கும் கேட்கத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. நான் சந்தோஷமாகத்தான் வந்தேன். நீதான் வீட்டையே கூட்டினாய். "எங்கம்மா மொச்சக்கொட்டய காணோம்" என்று ஒரே அழுகை. உண்மையான மொச்சைக்கொட்டை ஒன்றை உன் உள்ளங்கையில் வைத்து மூடி, இதை வைத்துக்கொண்டு தூங்கு என்றார் உன் அப்பா. நீ அதைச் சுவரில் விட்டெறிந்தாய். அடம் என்றால் அப்படி ஒரு அடம்.

பிறகு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் அடித்த நாள். வாசலில் உட்கார்ந்து உன்னை எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். தழும்பின் ஓரத்தில் உன் விரல் நின்றது. திரும்பத் தொட்டாய். அடுத்த நிமிடம் எண்ணெய்க் கையோடு எழுந்து லயம் முழுக்க ஓடினாய். "எங்கம்மா மொச்சக்கொட்ட திரும்ப வந்திருச்சு! திரும்ப வந்திருச்சு!" காம்பரா காம்பராவாகச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தை உனக்கு ஒரு துண்டு தொதல் கொடுத்தாள். அந்தக் கட்டி திரும்ப வந்ததற்கு இனிப்பு சாப்பிட்ட குடும்பம் நாம். இப்போது நினைத்தால் நெஞ்சு பகீர் என்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் இருந்தது, அதையும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு அது மெதுவாக, ஆமை போல வளர்ந்தது. வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். திடீரென்று ஒரு நாள் சீப்பு ஏறி இறங்கும். கொஞ்சம் அகன்றிருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளையைக் கலங்கவைக்கக் கூடாது என்று ஒரு முறை தள்ளிப்போட்டேன். மாரியம்மன் கோயில் தேர் முடியட்டும் என்று இன்னொரு முறை. கடைசியில் நீதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்டிக்குப் போனாய். உனக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா, சிங்களவர், உடைந்த தமிழில் பொறுமையாகப் பேசினார். கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வந்தபோது அவர் சொன்ன பேரைக் கேட்டு உன் அப்பா, "என்னங்க இது, பதுளை ரயில விட நீளமா இருக்கு" என்றார். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா. அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டியும் இருந்தது, அது எனக்கு வாயில் நுழையவில்லை. தோலில் வருகிற அபூர்வமான புற்றுநோயாம். தலையில் வருவது இன்னும் அபூர்வமாம். உடம்பில் மற்ற இடங்களுக்குப் பரவுவது குறைவு, ஆனால் எடுத்த இடத்திலேயே திரும்ப வரும் என்றார். மேலே தெரிவது கொஞ்சம்தான், தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கால் விட்டிருக்கும். சுற்றி நிறைய எடுத்தால்தான் எல்லாக் காலும் போகும். எனக்கு உடனே அருகம்புல் ஞாபகம் வந்தது. சுரண்டியால் மேலே செதுக்கிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் நிற்குமே, அது.

அன்றைக்கு நீ ஆஸ்பத்திரி நடையில் என்னை நிறுத்திக் கேட்டாய். "அம்மா, நான் அத உருட்டிக்கிட்டே இருந்ததாலயா வளந்துச்சு?" என்றாய். நான் "போடா லூசு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அது பதில் இல்லை, எனக்குத் தெரியும். இந்த முறை போனபோது நானே டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் மகன் சின்ன வயதில் தினமும் தடவுவான், அதனாலா என்றேன். அவர் சிரித்துவிட்டு, சிங்களமும் தமிழுமாக, "நே, நே, அம்மே. பிள்ளை தொட்டு வர்ற நோய் இல்லை" என்றார். அப்படியானால் கூடைக் கயிறா என்றேன். அப்படியும் சொல்ல முடியாதாம். ஏன் வருகிறது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாதாம். கயிறு அதை உண்டாக்கவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் கயிற்றின் தலையில் போட்டதால் அது மறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே தம்பி, இத்தனை வருஷமாக நீ மனதில் ஒரு கல்லைச் சுமந்திருந்தால், இந்த வரியைப் படித்ததும் அதைக் கீழே போடு. உன் விரல் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அந்த விரல் இல்லாத இரவுகளில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கண்டியிலிருந்து திரும்பிய ரயில் பயணம் ஞாபகம் இருக்கிறதா? தலையில் பெரிய கட்டு. பாதி முடி இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நீ ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, வடை வாங்கிக் கொடுத்து, எண்ணெய்க் காகிதத்தை உன் சட்டைப் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டாய். எதிரில் இருந்த சின்னப் பெண் கட்டைப் பார்த்து மிரண்டபோது, "பயப்படாதீங்க பாப்பா, எங்கம்மா தலப்பா கட்டியிருக்காங்க" என்றாய். வட்டவளை தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் ஏறும்போது நீ எனக்கு முன்னால் நடந்து, வழுக்குகிற கல்லையெல்லாம் காலால் தட்டிக் காட்டிக்கொண்டே போனாய். என் வாழ்க்கையில் ராணி போல நடந்த நாள் அதுதான். அதைச் சொல்ல இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது வந்திருப்பதை நான் கண்டுபிடித்தது சீப்பால். பழைய தழும்பின் மேல் ஒரு பல் இடறியது. உச்சி என்பது நம் உடம்பில் நாமே பார்க்க முடியாத இடம். உன் அப்பாவிடம் டார்ச்சைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, பழைய தழும்புதான்" என்றார். டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. கை நடுங்குகிறவர் சொல்வதை எப்படி நம்புவது? அவருக்குப் பயம் வந்தால் பொய் வரும். நேற்றுக் கட்டிக்கொண்டு வந்தவள் இல்லையே நான், அவரை எனக்குத் தெரியாதா? மறுநாள் கண்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன். தொட்ட உடனேயே டாக்டரம்மாவின் முகம் மாறியது. அந்த இடத்தில் முடியை மழித்து, சோதனைக்குத் துளி தோல் எடுத்தார்; துண்டு அதை மறைக்கத்தான். இந்த முறை அகலமாகவும் ஆழமாகவும் எடுத்து, தொடைத் தோலை வெட்டி உச்சியில் ஒட்டுவார்களாம். அந்த இடத்தில் இனி முடி முளைக்காது. என் தொடைக்கு வந்த பதவி உயர்வைப் பார்த்தாயா! அதற்கு முன்னால் தலையை முழுக்க மழிக்க வேண்டும். தேவைப்பட்டால் பிறகு கதிர் பாய்ச்சுகிற கரண்டு வைத்தியமும் உண்டு என்றார். கல்யாணத்துக்குள் புண் ஆறிவிடுமா என்று கேட்டேன். நன்றாகப் பிடித்தால் ஆறிவிடும், ஆனால் மொட்டைத் தலையோடுதான் நிற்பீர்கள் என்றார்.

இங்கேதான் வீட்டில் சண்டை. பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வரும்போது ஆரத்தி எடுப்பது நான் என்று நீ பிறந்த அன்றே நான் முடிவு செய்தது. அத்தை ஒரே பிடியாக நின்றாள். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கப்ப மொட்டத் தலையோட ஆரத்தி எடுப்பீங்களா, மதினி? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? ஒண்ணு கல்யாணத்தத் தள்ளுங்க, இல்ல ஆப்பரேசனத் தள்ளுங்க." உன் அப்பா நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். மாரியம்மனுக்கு முடி காணிக்கை என்று சொல்லிவிடலாமாம். சந்தனத்தைப் பூசிக்கொண்டு நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஒரு ராத்திரி முழுக்க எனக்கும் அது பிடித்திருந்தது. காலையில் பிடிக்கவில்லை. அம்மனுக்கு நான் தராததைத் தந்ததாகச் சொல்லி, அந்தத் தலையோடு உன் மனைவியை வரவேற்பதா?

அதனால் சம்பந்தியம்மாவிடம் நானே சொன்னேன். உடப்புசல்லாவையிலிருந்து தாலிக்குப் பொன் உருக்குகிற நாள் பேச வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, துண்டை அவிழ்த்து, குனிந்து காட்டினேன். "இதாங்க விசயம். ஆடியில வெட்டுறாங்க. மொட்டத் தலையோடதான் நிப்பேன். ஒங்களுக்கு மனசுக்கு ஒப்பலைன்னா இப்பவே சொல்லிருங்க" என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சம்பந்தியம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். பிறகு தன் கொண்டையை அவிழ்த்து, முடியை இரண்டு பக்கமும் விலக்கி, எனக்கு முன்னால் குனிந்தார்கள். கயிற்றுக் கோடு, என்னுடையதைவிட அகலம். "எனக்கும் இங்க முடி கெடையாதுங்க. பூவ வச்சு மூடியிருக்கேன். ஒங்களுக்கு மூட வழியில்ல, அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றார்கள். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் சத்தமாக, "ஆரத்தி சம்பந்தியம்மாதான் எடுக்கணும். எம்மக அவங்க கையாலதான் உள்ள வருவா" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். அத்தையும் வந்து அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்று இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனேன். இப்போது பலர் கூடைக்குப் பதில் சாக்குக் கட்டுகிறார்கள். ஆனாலும் கயிறு அதே உச்சியில்தான். அங்கேயும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அத்தனை பேருடைய கையும் தலைக்குப் போனது. நிரையில் எனக்குப் பக்கத்தில் நின்ற அதே சிநேகிதி, தன் காய்ப்பையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு வெறும் கொழுப்புக் கட்டிதானாம். "நல்ல சாப்பாடே இல்ல, கொழுப்பு மட்டும் எங்கயிருந்து வந்துச்சாம்" என்று சிரிக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை டவுனில் வருகிற சின்னப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். பேர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தங்கள் அம்மாமாரின் தலையைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, கோபம் வந்தால் வந்து திட்டு.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் விட்டால் அம்மா என்று என்னை எவரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் எதையும் நல்ல காரியம் முடியும்வரை ஒளித்துவைக்காதே. ஒரு வீட்டில் நல்ல காரியம் முடிவதே இல்லை. ஒன்று போனால் இன்னொன்று வரும், வரவும் வேண்டும். வலித்தால் அன்றைக்கே சொல். வலிக்காததையும் சொல். அவள் சொன்னால், 'ஒண்ணுமில்ல' என்று உன் அப்பா மாதிரி டார்ச்சை ஆட்டாதே. கையை வைத்துப் பார்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. சாவுக்கு இல்லை, டாக்டரம்மா அப்படிப் பயப்படுத்தவில்லை. இது திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் என் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகுமோ என்றுதான் பயம். ஆப்பரேஷனுக்குப் பிறகும் மாதா மாதம் தடவிப் பார்க்க வேண்டுமாம், தழும்பு எது, புதிது எது என்று பிரித்துச் சொல்கிற கை வேண்டுமாம். என் கைக்குத் தெரியாது. உன் அப்பா கை நடுங்கும். அந்த இடத்தை இருட்டிலும் தெரிந்த கை உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே கேள். ஆவணியில் நீயும் அவளும் வாசலில் வந்து நிற்பீர்கள். நான் மொட்டைத் தலையோடு, துண்டு இல்லாமல், உன் அப்பா எடுத்துத் தந்த மஞ்சள் பட்டுச்சேலையில் ஆரத்தி சுற்றுவேன். அத்தை குலவையிடுவாள், இடாவிட்டால் நானே இட்டுக்கொள்வேன். பொட்டு வைத்து, தட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டு, உன் முன்னால் கொஞ்சம் குனிவேன். நீ இப்போது என்னைவிட எவ்வளவோ உயரம், எட்டும். எல்லாரும் பார்த்தால் பார்க்கட்டும். சின்ன வயதில் தேடினாயே, அதேபோலத் தேடு. அவசரப்படாமல், ஓரமெல்லாம் தொட்டுத் தேடு.

இந்தத் தடவை நீ ஏமாந்து போக வேண்டும், தம்பி.

உன் அம்மா